மன்னர் வீட்டு மணமும் நம் வீட்டு மணமும்



2024-ஆம் ஆண்டு ஜனவரி 7 முதல் 16 வரை, பத்து நாட்கள், புருணை நாட்டு அரண்மனையில் ஒரு திருமணம் நடந்தேறியது. மணமகன் அந்நாட்டு மன்னர் சுல்தான் ஹஸ்ஸனால் போல்கியாவின் பத்தாவது பிள்ளையான இளவரசர் அப்துல் மத்தீன். மணமகள் அனிஷா ரோஸ்னா, மன்னருடைய ஆலோசகர் ஒருவரின் பேத்தி. உலகத்துச் செய்தித்தாள்கள் எல்லாம் படங்களோடு வெளியிட்ட செய்தி அது. நம்மில் பலர் பார்த்துவிட்டு, "ராஜா வீட்டுக் கல்யாணம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பியிருப்போம்.

நம் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்பத்து நாட்களிலும் அந்நாட்டுத் தலைநகரில் ஓர் உணவகத்தின் அடுப்படியில் நின்றிருந்தார். அடுத்த ஆண்டு விடுமுறையில் ஊர் வந்தபோது, மாலை வேளையில் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து, தாம் கண்டதையெல்லாம் எனக்குச் சொன்னார். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆனால் அவர் சொன்னவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள அவருடைய இசைவைப் பெற்றிருக்கிறேன். இல்லறம் நடத்துவோரும் நடத்தப்போவோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி அதில் உண்டு.

எண்ணெய் விளையும் சிறு நாடு

புருணை, போர்னியோ தீவின் வடகரையில் இருக்கும் சிறு நாடு. 5,765 சதுர கிலோமீட்டர் பரப்பு. நம் திருவாரூர் மாவட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், அவ்வளவே. மக்கள் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர். 1929-இல் செரியா என்னும் இடத்தில் எண்ணெய் கண்டார்கள். அன்று முதல் அந்நாட்டின் நிலை மாறியது. 1984 ஜனவரி முதல் நாள் ஆங்கிலேயரிடமிருந்து முழு விடுதலை பெற்றது. மக்களுக்கு வருமான வரி கிடையாது. அந்நாட்டு வெள்ளியின் மதிப்பு 1967 முதல் சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பிற்குச் சமம். இந்தக் கணக்கு நம் ஊர்த் தாய்மார் பலருக்கு மனப்பாடம்.

நம் இளைஞரின் குடும்பத்திற்கு ஒரு சிறு தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயல் அதைச் சாய்த்துவிட்டது. தென்னை, நட்ட மறு ஆண்டே காய்க்கும் பயிரன்று. தங்கை ஒருத்தி வளர்ந்துகொண்டிருந்தாள். ஆகவே அவர் கடல் கடந்தார்.

அங்கே நம் மக்களுக்கு ஆறுதலும் உண்டு. தலைநகரில் விண்ணேற்பு அன்னையின் ஆலயம் இருக்கிறது. போர்னியோ தீவிலேயே முதன்முதலாகக் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, 2021 மே 29-ஆம் நாள் இறைவனடி சேர்ந்த கொர்னேலியுஸ் சிம் ஆண்டகை வழிநடத்திய சிறிய மந்தை அது. அந்நாட்டில் அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் ஞாயிறும் விடுமுறை. உணவகத்துக்கு அந்த இரண்டு நாட்களும் கூட்டம் மிகுந்த நாட்கள். என்றாலும் ஞாயிறு காலைத் திருப்பலிக்கு முதலாளி அவரை விட்டுவிடுவாராம்.

பத்து நாள் விழா

திருமணம் ஒரே நாளில் முடிவதன்று. முதலில் நன்றி வழிபாடு. பின் மணமக்களுக்கு நறுமணப் பொடியும் குழம்பும் பூசும் சடங்கு. பெரியவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கைகளில் பூசி வாழ்த்துவார்கள். உணவகத்துத் தொலைக்காட்சியில் அதைக் கண்டபோது நம்மவர், "இது நலங்கு அல்லவா!" என்று கூவிவிட்டாராம். உடன் வேலை பார்த்த மலாய்க்காரர்களுக்கு அவர் நலங்கை விளக்க, அவர்கள் தங்கள் சடங்கை இவருக்கு விளக்க, அன்று ரொட்டி இரண்டு கருகிப்போயின.

சொற்களிலும் இந்த உறவு தெரியும். தலைநகரின் பெயர் பந்தர் செரி பெகவான். செரி பெகவான் என்பது 'ஸ்ரீ பகவான்' என்பதன் மலாய் உருவம். முடிதுறந்த முந்தைய மன்னருக்கு வழங்கிய பட்டம் அது. 1970 முதல் நகரின் பெயரும் ஆயிற்று. அரசியை 'ராஜா இஸ்தெரி' என்கிறார்கள். நமது 'இராஜ ஸ்திரீ'தான். அரண்மனைக்கு 'இஸ்தானா' என்று பெயர். 'ஆஸ்தானம்' நமக்குத் தெரிந்த சொல். இன்று நம் பிள்ளைகள் பிழைப்புக்காகப் போகும் அந்தக் கடல்வழியில் முற்காலத்தில் சொற்களும் பயணம் செய்திருக்கின்றன.

ஜனவரி 11, வியாழக்கிழமை, மணமகன் பொற்குவிமாடம் கொண்ட உமர் அலி சைஃபுத்தீன் பள்ளிவாசலில் மண ஒப்பந்தம் செய்துகொண்டார். அவ்வூர் வழக்கப்படி மணமகள் அங்கு இருக்கவில்லை. ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை, 1,788 அறைகள் கொண்ட இஸ்தானா நூருல் ஈமான் அரண்மனையில் மணமக்களை அரியணை மேடையில் ஒருங்கே அமர்த்தினார்கள். மணமகன் இராணுவச் சீருடையில், மணமகள் வெண்ணிற நெடிய ஆடையில். பூட்டான் மன்னரும், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் அதிபர்களும், சிங்கப்பூர்ப் பிரதமரும் விருந்தினர். அதன்பின் திறந்த ரோல்ஸ் ராய்ஸ் வண்டியில் நகர்வலம்.

அந்த ஞாயிறன்று உணவகத்தில் விடியற்காலையிலேயே உலை ஏறிவிட்டது. சாலையோரம் நிற்கப்போகும் மக்களுக்கு, ஒரு வெள்ளிக்கு விற்கும் 'நாசி காத்தோக்' பொட்டலங்கள் கட்ட வேண்டும். சோறு, பொரித்த கோழி, சம்பல். அந்த வேலை காரணமாக அன்று காலைத் திருப்பலிக்கும் போக முடியவில்லை. பொட்டலங்கள் தீர்ந்தபின் முதலாளி, "ஒரு மணி நேரம், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். இரண்டு தெரு தள்ளி ஊர்வலச் சாலை. கையில் சிறு கொடிகளோடு குழந்தைகளும் கிழவிகளும் நின்றார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பணிப்பெண்களும், வங்கதேசத்துக் கட்டடத் தொழிலாளரும், நம் தமிழரும் அவர்களுக்கிடையே நின்றார்கள்.

"எத்தனை நேரம் பார்த்தீர்கள் தம்பி?" என்று கேட்டேன்.

"அரை நிமிடம்கூட இராது சாமி. வண்டி வந்தது, போய்விட்டது. எல்லாரும் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். அந்த இளவரசி எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். எனக்கு உடனே என் தங்கை நினைவு வந்துவிட்டது. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை."

அதே ஞாயிறு, நம் ஆலயத்தில்

ஏன் நிற்க முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அதே ஜனவரி 14 காலைத் திருப்பலியில், அவருடைய தங்கையின் திருமணத்திற்கான முதல் ஓலையை நம் ஆலயத்தில் நான்தான் வாசித்தேன். மறுநாள் பொங்கல்.

நம் மக்களின் திருமணக் காலம் குறுகியது என்பது நீங்கள் அறிந்ததே. மார்கழியில் மணவினை இல்லை என்பது ஊர் வழக்கம். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் திருமணக் கொண்டாட்டங்களைத் தவிர்ப்பது நம் வழக்கம். அந்த ஆண்டு சாம்பல் புதன் பிப்ரவரி 14-இலேயே வந்துவிட்டது. பொங்கலுக்கும் அதற்கும் இடையே நான்கு வாரங்கள். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் நாட்களும் அவையே. ஆகவே சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்னதாக நாள் குறித்தார்கள். அண்ணனை யாரும் கேட்கவில்லை. "நாள் குறித்துவிட்டோம், பணம் அனுப்பு" என்று செய்தி போயிற்று.

அவருடைய ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கானது. முடித்துவிட்டு வந்தால் விமானக் கட்டணம் முதலாளியுடையது. இடையில் வந்தால் தம்முடையது. "டிக்கெட்டுக்கு மட்டும் பணம் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பட்டுமா?" என்று கேட்டாராம். வீட்டில் கூடிப் பேசினார்கள். சாலை முனையிலிருந்து வீடுவரை வண்ண விளக்கு வளைவு வைக்கலாம் என்று முடிவாகியிருந்தது. சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும்போது கௌரவமாக இருக்க வேண்டுமே! டிக்கெட் பணம் விளக்கு வளைவாயிற்று.

திருமணத் திருப்பலி காலை பத்தரை மணிக்கு. நமக்கும் புருணைக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு. இங்கே பத்தரை என்றால் அங்கே பகல் ஒரு மணி. உணவகத்தில் கூட்டம் நெரியும் வேளை. பீடத்தின் ஓரத்தில் ஒரு சிறுவன் அலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அதன் மறுமுனையில் அண்ணன், அடுப்படிக்குப் பின்னால், மேல்துணியோடு நின்றார். மணமக்கள் சம்மதம் சொன்னது அவருக்குக் கேட்டதாம். தாலி கட்டும்போது தொடர்பு அறுந்துவிட்டது. மீண்டும் இணைந்தபோது எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அவர் நம் தெருவில் இல்லாமலும் இல்லை. மண்டபத்தின் முகப்பில் வைத்த விளம்பரப் பதாகையில் ஓர் ஆள் உயரத்திற்கு அவர் படம் இருந்தது. கறுப்புக் கண்ணாடி, பெயருக்குக் கீழே 'புருணை'. மறு ஆண்டு அவர் ஊர் திரும்பியபோது, கொல்லையில் வைக்கோல் போரின்மேல் மழைக்கு மூடியிருந்தது அந்தப் பதாகை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

யாருடைய பணம்?

அன்பர்களே, மன்னர் வீட்டுத் திருமணத்தைப் பழிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. அரச குடும்பத்தின் திருமணம் அந்நாட்டில் நாட்டு விழா. மக்கள் ஆவலோடு பார்க்கிறார்கள். உறவு நாடுகள் வந்து வாழ்த்துகின்றன. செலவுக்கு எண்ணெய் வளம் இருக்கிறது. 1,788 அறைகள் உள்ளவர் பத்து நாள் விழா எடுக்கிறார். விரலுக்குத் தகுந்த வீக்கம். நம் செலவுக்கு எது ஊற்று? கடல் கடந்து நிற்கும் ஒரு பிள்ளையின் கூடுதல் நேர வேலை. அது போதாதபோது கடன்.

இந்தக் குடும்பம் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தது. 1 இலட்சம் ரூபாய்க்கு மாதம் 3,000; ஆண்டுக்கு 36,000. மூன்று ஆண்டு கட்டினால் வட்டி மட்டுமே 1,08,000 ஆகும். முதல் அப்படியே இருக்கும். ஒரு மாலை நேரத்து வெளிச்சத்திற்காக அந்தப் பிள்ளை இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. விடுமுறை முடிந்து அவர் திரும்பிப் போனது அதற்காகத்தான். அவருக்கே முப்பது வயது கடந்துவிட்டது. அவருடைய திருமணத்தைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு எழவில்லை.

அந்த அரண்மனைத் திருமணத்தைப் பின்பற்றத்தான் வேண்டுமென்றால், பின்பற்றத் தக்கவை இரண்டு உண்டு. ஒன்று, புருணையில் 1991 முதல் மது விற்பனை கிடையாது. பத்து நாள் அரச விழாவை ஒரு நாடே மதுக்கடையின்றி மகிழ்ச்சியாகக் கொண்டாடியிருக்கிறது. நம் பந்தல்களின் பின்புறத்தில், மணமகனின் தோழர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்படும் தொகையை நினைத்துப் பாருங்கள். மற்றொன்று, இஸ்லாமிய மணமுறையில் மணமகன்தான் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. இருந்தும் கொடுக்கும் கை இன்னும் பெண் வீட்டார் கையாகவே இருக்கிறது. "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று இனிமையாகச் சொல்லும் சம்பந்திமாரின் குரலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அச்சொல்லின் பொருள் என்ன என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

ஆடம்பரம் இல்லறத்திற்குக் காவல் ஆகுமா? 1981 ஜூலை 29-ஆம் நாள் இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் இளவரசர் சார்லசுக்கும் டயானாவுக்கும் நடந்த திருமணத்தை உலகெங்கும் ஏறத்தாழ 75 கோடிப் பேர் தொலைக்காட்சியில் கண்டார்கள் என்பர். 1996 ஆகஸ்டு 28-இல் அந்த மணவாழ்வு சட்டப்படி முறிந்தது. நம் சென்னையிலேயே 1995 செப்டம்பர் 7-இல் அரசர்களும் வியக்கும்படி ஒரு திருமணம் நடந்தது. அதன் பந்தல் செலவும் பந்திச் செலவும் பின்னாளில் நீதிமன்றத்தில் எண்ணப்பட்டன. ஊரார் மெச்சுவது ஒரு நாள். கணக்குக் கேட்பது பல நாள்.

தண்ணீர் மொண்ட பணியாளர்

கானாவூர்த் திருமணத்தை நாம் அறிவோம். இரசம் தீர்ந்துபோன வீடு அது. செல்வர் வீடாக இருந்திருக்க முடியாது. ஆறு கற்சாடிகளையும் விளிம்புவரை நிரப்பியவர்கள் பணியாளர்கள். பந்தி மேற்பார்வையாளருக்கு அந்த இரசம் எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று புனித யோவான் குறித்து வைத்திருக்கிறார். விருந்தினர் பலர் உண்டு மகிழ்ந்து போயிருப்பார்கள். நடந்தது என்ன என்பது குடம் சுமந்தவர்களுக்கே விளங்கிற்று.

நம் குடும்பங்களிலும் தண்ணீர் மொண்டு நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் புருணையிலும் நிற்கிறார்கள். பந்தியில் அமர்ந்தவர்களுக்குத் தெரியாமற் போகலாம். வீட்டாருக்குமா தெரியாமற் போக வேண்டும்?

ஆகவே, இவ்வாண்டு நாள் குறிக்கப்போகும் குடும்பங்களை நான் கேட்டுக்கொள்வது இது. முதலில் அயல்நாட்டில் இருக்கும் பிள்ளையிடம் விடுமுறை எப்போது என்று கேளுங்கள். அதற்குப் பிறகு நாள் பாருங்கள். முன்கூட்டியே பங்கில் தெரிவித்தால், வார நாளோ மாலை நேரமோ, ஆலயத்தின் பக்கமிருந்து தடை எதுவும் இராது. அடுத்து, செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். எது தேவை, எது ஊரார் கண்ணுக்கு என்று அவர் சொல்லட்டும். பணம் கொடுப்பவருக்குச் சொல்லவும் உரிமை உண்டு. மூன்றாவது, செலவுப் பட்டியலின் முதல் வரியில் அவருடைய பயணக் கட்டணத்தை எழுதுங்கள். மற்றவை அதன் கீழே வரட்டும்.

திருச்சபைச் சட்டம் திருமணத்திற்குக் கேட்பது மிகச் சிறிது. மணமக்கள் இருவரின் மனமார்ந்த சம்மதம், அதைக் கேட்டுப் பெறும் குரு, இரண்டு சாட்சிகள். விளக்கு வளைவை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. விருந்துக்கும் நம் மண்ணில் குறைவில்லை. நம் அருகிலுள்ள ஆதிரெங்கத்தில், 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் பழைய நெல் வகைகளைத் தேடித் தேடி மீட்டு, விதைநெல்லாக உழவர்களுக்குக் கொடுத்தார். அவற்றுள் ஒன்றின் பெயரே மாப்பிள்ளைச் சம்பா. சொந்த வயலில் விளைந்த நெல்லைக் குத்தி, உறவினர் கூடிச் சமைத்து, ஒரு சாம்பார், ஒரு கூட்டு, ஒரு பாயசத்தோடு இலை போட்டால் அதைக் குறை சொல்வார் யார்? குறை சொல்வாரும் இருக்கலாம். அவர்கள் வட்டி கட்ட வரமாட்டார்கள்.

நம் இளைஞர் புறப்படுமுன் தங்கையின் வீட்டிற்குச் சென்று வந்தார். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் திருமணப் படத் தொகுப்பை எடுத்துக் காட்டினாளாம். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், மணமேடையில் பெற்றோருக்கு அருகில் வெற்றிடமாக இருந்த ஓர் இடத்தைச் சுட்டி, "இங்கே யாரம்மா நின்றது?" என்று கேட்டாராம். "உனக்கென்று விட்டு வைத்தோம் அண்ணா" என்றாள் அவள்.

இவ்வாண்டுத் திருமணங்களில் அந்த இடம் வெற்றிடமாக இல்லாதபடி பார்த்துக்கொள்வோம்.